வெள்ளிமலை இருந்தும் வெறுங்கை

(‘வல்லரசுகளை வீழ்த்துவது வெளிப்பகையா? உட்குறையா?’ என்னும் பட்டிமன்றத்தில் ‘உட்குறையே’ அணியில் பேசியது)

அறிவையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறுகிற நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் வெளுத்து வாங்கிவிட்டு இப்போது ஒன்றும் தெரியாதவர்கள் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

நடுவர் ஐயா தொடக்கத்திலேயே ஒரு கட்டளை போட்டார். ‘உலகத்தை எல்லாம் சுற்றிக்காட்ட வேண்டாம், ஆளுக்கு ஒரு நாடு எடுத்துக்கோங்க, அதையே ஆழமாப் பேசுங்க’ என்றார். எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஸ்பெயின் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். நான் வேறு நாட்டுக்குப் போகப் போவதில்லை. நானும் அதே ஸ்பெயினுக்குத்தான் போகிறேன். அம்மா வாசல் வழியாகப் போனாங்க. நான் கொல்லைப்புறம் வழியாகப் போகிறேன். ஒரு வீட்டின் நிலைமை வாசலில் தெரியாதுங்க. கொல்லையில்தான் தெரியும்! (சிரிப்பு)

முதலில் ஸ்பெயின் எவ்வளவு பெரிய வீடு என்று பார்த்துவிடுவோம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இரண்டாம் பிலிப் மன்னன் ஆட்சி. மெக்சிகோ அவனுடையது, பெரு அவனுடையது, இத்தாலியில் நேப்பிள்ஸ், மிலான் அவனுடையவை, இன்றைய பெல்ஜியமும் ஹாலந்தும் அவனுடையவை. ஆசியாவில் ஒரு தீவுக்கூட்டத்துக்கு அவன் பெயரையே வைத்துப் பிலிப்பைன்ஸ் என்றார்கள். 1580 இல் போர்ச்சுக்கலும் அவன் கைக்கு வந்தது. போர்ச்சுக்கல் வந்தால் போர்ச்சுக்கீசியர் பிடித்திருந்த கரைகளும் வரும் அல்லவா? நம்ம தூத்துக்குடி, நாகப்பட்டினம், அந்தப் பக்கம் மன்னார் எல்லாவற்றுக்கும் 1640 வரை காகிதப்படி மேல்முதலாளி மாட்ரிட்டில் உட்கார்ந்திருந்தார். சூரியன் மறையாத பேரரசு என்ற பெயர் பிரிட்டனுக்கு முன்னாலேயே ஸ்பெயினுக்கு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட வீடு விழுந்தது. ஏன் விழுந்தது? எதிரணி அம்மா சொன்னாங்க, ‘1588 இல் ஆர்மடா என்ற பெரும் கடற்படை இங்கிலாந்தின் மீது போனது. ஏறத்தாழ 130 கப்பல். இங்கிலாந்துக்காரன் அடித்தான், புயல் அடித்தது, எத்தனையோ கப்பல் திரும்பவில்லை. அன்றைக்கே ஸ்பெயின் முடிந்தது’ என்று. அவங்க சொன்ன விதத்தில் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அம்மா, ஆண்டுக் கணக்கைப் பாருங்க. ஆர்மடா தோற்றது 1588. ஸ்பெயின் மறுபடி கப்பல் கட்டியது. 1604 இல் அதே இங்கிலாந்து ஸ்பெயினோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது. 1625 இல் ஸ்பெயின் படை டச்சுக்காரர்களிடமிருந்து பிரேடா நகரைப் பிடித்தது. தரைப்படையில் ஸ்பெயினை அசைக்க முடியாது என்ற பேச்சு உடைந்தது 1643 இல், ரோக்ருவா போர்க்களத்தில். ஆர்மடாவுக்கு 55 ஆண்டு கழித்து! இன்றைக்கு ஒருத்தன் என்னைத் தள்ளிவிட்டு, நான் 55 ஆண்டு கழித்து விழுந்தால், தள்ளினவன் மேல் வழக்குப் போட முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

‘கடற்கொள்ளைக்காரர்கள் வெள்ளிக் கப்பலைக் கொள்ளையடித்தார்கள்’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். உண்மை. 1628 இல் பீட் ஹெய்ன் என்ற டச்சுக்காரர் கியூபாக் கரையில் ஒரு வெள்ளிக் கப்பல் கூட்டத்தையே வளைத்துப் பிடித்தார். அந்தச் செய்தி இன்றுவரை பேசப்படுகிறதே, ஏன்? அது அபூர்வமாக நடந்ததால்! மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் வெள்ளி பத்திரமாக செவில் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கொள்ளைக்காரன் கொண்டுபோனது கொஞ்சம். வீட்டுக்காரன் கோட்டைவிட்டதுதான் அதிகம்.

அந்த வெள்ளியின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இன்றைய பொலிவியா நாட்டில் பொட்டோசி என்று ஓர் ஊர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம். அங்கே ஒரு மலை. 1545 இல் அந்த மலையில் வெள்ளி இருப்பது தெரிந்தது. கொஞ்ச நஞ்ச வெள்ளி இல்லை. மலையே வெள்ளி! உலகம் அதுவரை பார்த்திராத வெள்ளி. அதை வெட்டியவர்கள் யார்? அந்த மண்ணின் மக்கள். 1570களில் ஸ்பெயின் ஆளுநர் ஒரு முறை வகுத்தார். சுற்றியுள்ள ஊர்களில் உழைக்கும் வயதுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்கத்துக்கு வரவேண்டும். இருட்டு, குளிர், பாதரசத்தின் நஞ்சு. போனவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களின் கண்ணீர்தான் கட்டி வெள்ளியாகக் கப்பல் ஏறியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நேராக அரசனுக்கு.

இப்போ நடுவர் அவர்களே, இந்த அரங்கத்திலே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். மாதாமாதம் வீட்டு வாசலில் ஒரு வண்டி வெள்ளி வந்து இறங்கினால், அந்த வீட்டில் கடன் இருக்குமா? இருக்காது. ஆனால் ஸ்பெயினில் இருந்தது! இரண்டாம் பிலிப் தன் ஆட்சிக் காலத்தில் மட்டும் 1557, 1560, 1575, 1596 என்று நான்கு முறை ‘கடனைச் சொன்னபடி கட்ட முடியாது’ என்று கைவிரித்தான். நம்ம ஊர் பாஷையிலே மஞ்சக் கடுதாசி! உலகத்திலேயே பெரிய வெள்ளிமலையை வைத்துக்கொண்டு நான்கு மஞ்சக் கடுதாசி! (சிரிப்பு)

எப்படி நடந்தது? வெள்ளி வரும் என்ற தைரியத்தில் வராத வெள்ளிக்குக் கடன் வாங்கினான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வட்டிக்காரர்கள், பிறகு இத்தாலியின் ஜெனோவா வட்டிக்காரர்கள். அடுத்த கப்பலில் வரவேண்டிய வெள்ளி இந்த ஆண்டே அடமானம். பிறகு அதற்கடுத்த கப்பலும் அடமானம். கதிர் முற்றுவதற்கு முன்னாலேயே நெல்லை விற்றுச் சாப்பிட்ட கதை. கடனெல்லாம் எதற்கு? துருக்கியோடு சண்டை, பிரான்சோடு சண்டை, டச்சுக்காரரோடு சண்டை, இங்கிலாந்தோடு சண்டை.

எதிரணி நண்பர்கள் உடனே எழுந்திருப்பீர்கள்: ‘பார்த்தீர்களா, சண்டை என்றால் வெளிப்பகைதானே?’ என்று. பொறுங்க. 1575 இல் மன்னன் கைவிரித்தான். டச்சு நாட்டில் போரிட்ட அவனுடைய படைக்குச் சம்பளம் நின்றது. 1576 நவம்பரில் அந்தப் படை என்ன செய்தது தெரியுமா? மன்னனுடைய ஆட்சிக்கு உட்பட்ட, ஐரோப்பாவின் செல்வம் கொழித்த ஆண்ட்வெர்ப் நகரத்துக்குள் புகுந்து சூறையாடியது. ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். நகரத்தை எரித்தவன் எதிரி இல்லை ஐயா. சம்பளம் வராத சொந்தச் சிப்பாய்! அதற்குப் பிறகு, அதுவரை தயங்கி நின்ற மாகாணங்களும் ஸ்பெயினுக்கு எதிராகக் கைகோத்தன. பகைவனைக்கூட ஸ்பெயின் தானே தயாரித்துக்கொண்டது. (கைதட்டல்)

சரி, அரசன் கெட்டான். நாடு எப்படிக் கெட்டது?

பணம் பெருகியது. பணம் பெருகினால் விலை ஏறும். இதை அன்றைக்கே ஒருவர் சொன்னார். சாலமன்கா பல்கலைக்கழகத்து மரபில் வந்த பேராசிரியர், மார்ட்டின் தெ அஸ்பில்குவேட்டா. பணம் குறைவாக உள்ள நாட்டில் அதற்கு மதிப்பு அதிகம், நிறைந்து கிடக்கும் நாட்டில் மதிப்பு குறைவு என்று 1556 இல் எழுதினார். யார் கேட்டார்கள்? பேராசிரியர் சொல்லை வீட்டிலேயே கேட்பதில்லை, நாடா கேட்கும்? அனுபவஸ்தன் சொல்கிறேன்! (சிரிப்பு) அந்த நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைவாசி ஏறத்தாழ நான்கு மடங்கு ஆனது.

அதன் விளைவு என்ன? ஸ்பெயினில் நெய்த துணி விலை கூடிப்போனது. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்தது. ஸ்பெயினின் மெரினோ ஆட்டு ரோமம் உலகப் புகழ் பெற்றது. செகோவியா போன்ற ஊர்களில் நல்ல நெசவாளர்கள் இருந்தார்கள். ஆனால் ஆடு வளர்க்கும் பெரிய மனிதர்களின் சங்கம் ஒன்று, மெஸ்தா என்று பெயர், அது அரசனிடம் செல்வாக்கோடு இருந்தது. ரோமம் மூட்டை மூட்டையாக வெளியே போனது. அங்கே துணியாகி, நான்கு பங்கு மதிப்பேறி, திரும்ப ஸ்பெயினுக்கே வந்தது. பஞ்சைக் கொடுத்துவிட்டுப் பட்டு விலைக்கு வேட்டி வாங்கினால் வீடு உருப்படுமா?

பதினேழாம் நூற்றாண்டு பிறந்தபோது இன்னொரு வேடிக்கை. வெள்ளி எல்லாம் கடன்காரனுக்கும் கடைக்காரனுக்கும் வெளியே போய்விட்டதால், உள்நாட்டு மக்கள் புழங்குவதற்கு அரசு செம்புக் காசு அடித்தது. பழைய காசின் மேல் புது முத்திரை குத்தி, ‘இனிமேல் இது இரண்டு மடங்கு’ என்றது. வெள்ளிமலைக்குச் சொந்தக்காரன் சட்டைப்பையில் செம்புக் காசு!

அந்த வெள்ளி எங்கேதான் போனது? ஆம்ஸ்டர்டாம் போனது. அங்கிருந்து டச்சுக் கம்பெனிக் கப்பல் ஏறியது. நம்ம பழவேற்காட்டிலே வந்து இறங்கியது! ஆமாங்க. சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கு அன்றைக்கு உலகமெல்லாம் கிராக்கி. அதை வாங்குவதற்கு டச்சுக்காரன் கொண்டு வந்த பணத்தில் ஸ்பெயின் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும் இருந்தன. கவனியுங்கள் நடுவர் அவர்களே: வெட்டி எடுத்தவன் பொட்டோசியில் செத்தான். வைத்திருந்தவன் ஸ்பெயினில் தொலைத்தான். கடைசியில் கையில் வேலை தெரிந்தவன் இருக்கும் இடம் தேடி வெள்ளி நடந்து வந்தது. செல்வம் சுரங்கத்தில் இல்லை ஐயா, கைவிரலில் இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

இப்போது நான் என் வாதத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். ஸ்பெயினில் உழைப்பதே கேவலம் என்று ஆகிவிட்டது. அதுதான் வீழ்ச்சி.

ஸ்பெயினில் ‘ஹிதால்கோ’ என்று ஒரு பட்டம். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘ஏதோ ஒன்றின் மகன்’ என்று பொருள் வருகிறது. அவர் என்ன வேலை செய்வார்? அவர் ஏதோ ஒருத்தர் மகன், அதுதான் வேலை! (சிரிப்பு) அவருக்கு வரி கிடையாது. கைத்தொழில் செய்தால் கௌரவம் போய்விடும். 1554 இல் வந்த ‘லாசரில்யோ’ என்ற கதையில் ஒரு கனவான் வருகிறார். வீட்டில் ஒரு பிடி சோறு இல்லை. வேலைக்காரப் பையன் பிச்சை எடுத்து வந்த ரொட்டியை வாங்கித் தின்கிறார். ஆனால் வெளியே கிளம்பும்போது இடுப்பில் வாள், வாயில் ஒரு துரும்பு. விருந்து சாப்பிட்டவர் போலப் பல்லைக் குத்திக்கொண்டு நடக்கிறார்! ‘குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு’ என்று நம்ம பாட்டிமார் சொன்னது அந்த ஊருக்கும் பொருந்துகிறது.

அது கதை. நடந்ததைச் சொல்லட்டுமா? வெலாஸ்கஸ் என்ற ஓவியர். உலகத்தின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவர். நான்காம் பிலிப்பின் அரண்மனை ஓவியர். அவருடைய ‘லாஸ் மெனினாஸ்’ என்ற 1656 ஆம் ஆண்டு ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்கு சாந்தியாகோ வீரர் பட்டம் வேண்டும் என்று ஆசை. விசாரணை வைத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள். எதை நிரூபிக்க வேண்டும் தெரியுமா? ‘இவர் நல்ல ஓவியர்’ என்று இல்லை. ‘இவர் காசு வாங்கிக்கொண்டு படம் வரைந்து பிழைத்தவர் இல்லை, கடை வைத்தவர் இல்லை’ என்று நிரூபிக்க வேண்டும்! தன் கையால் வாழவில்லை என்று சத்தியம் செய்தால்தான் மரியாதை. 1659 இல் பட்டம் வந்தது. அடுத்த ஆண்டே காலமானார். அந்த ஓவியத்திலே அவர் தூரிகையோடு நிற்கிறார், நெஞ்சிலே அந்தப் பட்டத்தின் சிவப்புச் சிலுவை. தூரிகையால் வந்த பெருமையைச் சிலுவையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார் பாவம்.

இந்த நோய் எவ்வளவு நாள் இருந்தது? 1783 இல் மூன்றாம் கார்லோஸ் மன்னன் ஓர் அரசாணை போட்டான். தோல் பதனிடுவது, இரும்பு அடிப்பது, துணி தைப்பது, செருப்புத் தைப்பது, தச்சு வேலை இவை எல்லாம் கண்ணியமான தொழில்கள், இவற்றைச் செய்வதால் ஒருவர் மரியாதை குறையாது என்று ஆணை! செருப்புத் தைப்பது கேவலமில்லை என்று ஒரு நாட்டில் அரசாணை போடவேண்டி இருந்தால், அந்த நாட்டை வீழ்த்த வெளியிலிருந்து ஆள் வரவேண்டுமா? (கைதட்டல்)

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும். என் தகப்பனார் தறி நெய்தவர். காலையில் கண்விழித்தால் நாடா ஓடுகிற சத்தம்தான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்துப் பையன் ‘அதிகாரி’ என்று எழுதினான். நான் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அந்தப் படிவத்துக்குக் கட்டிய பணமும் தறியில் வந்த பணம்தான். வெலாஸ்கஸ் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சி அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்தது. ஸ்பெயின் எங்கேயோ இல்லை. அன்றைக்கு என் கையிலேயே இருந்தது. (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

உழைப்பை வெறுத்த நாடு அடுத்துச் செய்தது என்ன? உழைக்கிறவனைத் துரத்தியது.

1492. கொலம்பஸ் கப்பல் ஏறிய ஆண்டு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆண்டு மார்ச் 31 இல் ஸ்பெயின் ஓர் ஆணை போட்டது. யூதர்கள் எல்லாரும் மதம் மாறவேண்டும், இல்லையேல் ஜூலை முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பொன், வெள்ளி எடுத்துப் போகக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வைத்தியர்கள், வணிகர்கள், கைவினைஞர்கள் கட்டிய துணியோடு போனார்கள். கெடு முடிந்த சில நாட்களில், ஆகஸ்ட் 3 இல், கொலம்பஸ் புறப்பட்டார். ஒரு துறைமுகத்தில் செல்வத்தைத் தேடிக் கப்பல் போகிறது. மற்றத் துறைமுகங்களில் செல்வத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது. பின்னதை நாட்டில் யாரும் செல்வம் என்று நினைக்கவில்லை!

போனவர்களில் பலர் துருக்கிப் பேரரசில் சலோனிக்கா என்ற ஊரில் குடியேறினார்கள். அங்கே கம்பளி நெய்தார்கள். துருக்கிச் சுல்தானின் படைக்கு உடுப்புத் துணி கொடுத்தார்கள். துருக்கி யாருக்கு எதிரி? ஸ்பெயினுக்கு! தன் வீட்டிலிருந்து துரத்தியவன் நெய்த துணியை உடுத்திக்கொண்டு எதிரிப்படை வந்தது. இதை வெளிப்பகை என்பதா, உட்குறை என்பதா? (கைதட்டல்)

ஒரு தமிழாசிரியனாக எனக்கு இன்னொன்று நெஞ்சைத் தொடுகிறது. துரத்தப்பட்ட அந்த மக்கள் நூற்றாண்டுக் கணக்காகத் தங்கள் வீட்டில் பழைய ஸ்பானிய மொழியையே பேசினார்கள். நாடு அவர்களை விட்டது. அவர்கள் மொழியை விடவில்லை.

புத்தி வந்ததா? இல்லை. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்களை வெளியேற்றினார்கள். முஸ்லிம் வழிவந்தவர்கள், முன்னமே ஞானஸ்நானம் பெறவைக்கப்பட்டவர்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர். வலென்சியாப் பகுதியில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள். வாய்க்கால் வெட்டியவர்கள், நெல்லும் கரும்பும் பயிரிட்டவர்கள், பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை வளர்த்தவர்கள். ஊர் ஊராகக் காலியானது. குத்தகை வாங்கித் தின்ற பிரபுக்கள் அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்கள், நிலம் இருக்கிறது, நீர் இருக்கிறது, உழ ஆள் இல்லை. வலென்சியாவில் இன்றைக்கும் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் தண்ணீர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. அரபு மொழி பேசியவர்கள் காலத்து மரபு அது என்கிறார்கள். ஆளைத் துரத்தினார்கள். ஆனால் அவன் வகுத்த முறை இல்லாமல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை.

மூன்றாவது குறை, அறிவுக் கதவை அடைத்தது. 1559 இல் இரண்டாம் பிலிப் ஓர் ஆணை போட்டான். ஸ்பெயின் மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போகக் கூடாது, ஒரு சில இடங்களைத் தவிர. அதே ஆண்டு தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலும் வந்தது. வெளியே ஐரோப்பாவில் புது அறிவியல் பிறந்துகொண்டிருந்த காலத்தில், காற்று வந்தால் விளக்கு அணைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தினார்கள். அறைக்குள் இருப்பவனுக்கு மூச்சு முட்டும் என்று நினைக்கவில்லை.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. ‘பண்பாடு உள்ளே கெட்டுப்போயிருந்தால், அதே காலத்தில் செர்வாண்டஸ் எப்படி வந்தார்? டான் குயிக்சாட் எப்படி வந்தது? அதை ஸ்பெயினின் பொற்காலம் என்கிறார்களே?’ என்றார். ஐயா, அந்தச் செர்வாண்டஸை நான் என் சாட்சியாக அழைக்கிறேன். 1571 இல் லெபாண்டோ கடற்போரில் நாட்டுக்காக இடக்கையைச் சேதப்படுத்திக்கொண்டார். 1575 இல் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டு அடிமை. திரும்பி வந்தவருக்கு நாடு என்ன கொடுத்தது? நீங்கள் சொன்னீர்களே ஆர்மடா, அந்தப் படைக்கு ஊர் ஊராகப் போய்க் கோதுமையும் எண்ணெயும் பறிமுதல் செய்கிற வேலை. 1590 இல் அமெரிக்காவில் ஓர் உத்தியோகம் கேட்டு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. பிறகு வரி வசூல். வசூல் பணத்தைப் போட்டுவைத்த வட்டிக்கடைக்காரர் திவால் ஆனார். 1597 இல் செவில் சிறையில் செர்வாண்டஸ்! 1605 இல் டான் குயிக்சாட் முதல் பாகம் வந்தது. அந்தக் கதாநாயகன் யார்? ஒரு ஹிதால்கோ. பழைய பெருமையைப் படித்துப் படித்து மூளை கலங்கி, காற்றாலையை அரக்கன் என்று நினைத்து ஈட்டி எடுக்கிறவர். எதிரியே இல்லாத இடத்தில் எதிரியைப் பார்க்கிறவர்! எதிரணி ஐயா, மன்னிக்கணும், எனக்கு உங்கள் வாதம்தான் ஞாபகம் வந்தது. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிக்கிறது. முடித்துவிடுகிறேன். 1640 இல் போர்ச்சுக்கலும் கட்டலோனியாவும் வரிச்சுமை தாங்காமல் கலகம் செய்தன. போர்ச்சுக்கல் போய்விட்டது. 1648 இல் டச்சு நாட்டின் விடுதலையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அரச குடும்பமோ சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே கட்டிக்கட்டி, நான்காம் பிலிப் தங்கை மகளையே மணந்து, பிறந்த பிள்ளை இரண்டாம் கார்லோஸ் நோயாளியாகவே வாழ்ந்து 1700 இல் வாரிசில்லாமல் இறந்தான். 1898 இல் கியூபா, போர்ட்டோரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றும் ஒரே போரில் கைநழுவின. அந்தக் கடைசி அடியை அமெரிக்கா அடித்தது, ஒப்புக்கொள்கிறேன். கொள்ளை நோயும் வந்தது. 1649 இல் செவில் நகரத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் மாண்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. மழை தெருவில் எல்லார் வீட்டு மேலும்தான் பெய்கிறது. நம்ம வீட்டில் மட்டும் ஒழுகினால் வானத்தைத் திட்டி என்ன பயன்? ஓட்டைப் பார்க்க வேண்டாமா? அன்றைய டச்சு நாட்டுக்கும் போர் இருந்தது, கொள்ளை நோய் இருந்தது, காலடியில் கடலே பகையாக இருந்தது. வெள்ளிமலை மட்டும் இல்லை. துரத்தப்பட்டவர்களை ஏற்றுக்கொண்டான். கைத்தொழிலை மதித்தான். நிமிர்ந்தான். வள்ளுவர் ‘உட்பகை’ என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்தாரே, சும்மாவா வைத்தார்?

கடைசியாக ஒரு செய்தி. 1492 இல் துரத்தினார்களே, அந்த யூதர்களின் வழித்தோன்றல்களுக்கு ஸ்பெயின் குடியுரிமை தரலாம் என்று 2015 இல் ஸ்பெயின் சட்டம் இயற்றியது. 523 ஆண்டு கழித்து! துரத்தப்பட்ட குடும்பங்களில் சிலர் தங்கள் பழைய வீட்டுச் சாவியைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று ஒரு மரபுக்கதை உண்டு. வெளியே துரத்தப்பட்டவன் சாவியைக் காப்பாற்றினான். உள்ளே இருந்தவன் வீட்டைக் காப்பாற்றவில்லை.

நடுவர் அவர்களே! என் தகப்பனார் இன்று இல்லை. இன்றைக்கு என் பேரப்பிள்ளைக்குப் பள்ளிப் படிவம் வந்து, ‘கொள்ளுத்தாத்தா தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தால், என் கையாலேயே ‘நெசவு’ என்று எழுதுவேன். அந்த ஒரு சொல்லை எழுதக் கூச்சப்படாத நாட்டை எந்தப் பகைவனும் வீழ்த்த முடியாது. கூச்சப்படுகிற நாட்டை வீழ்த்தப் பகைவனே தேவையில்லை. ஆகவே வல்லரசுகளை வீழ்த்துவது உட்குறையே, உட்குறையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.